ஷ்ரிங்க் ஸ்லீவ் லேபிள் முதல் தடவை ஆர்டர் பண்றீங்களா? அச்சடிக்கற சிலிண்டர் வெட்டக் காசு கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

திண்டுக்கல் பக்கம் வீட்டுக்குப் பின்னாடி ஒரு சின்ன ஷெட்டுல நன்னாரி சர்பத் போடறோம். முதல் ரெண்டு வருஷம் பேப்பர் ஸ்டிக்கர்தான். சர்பத் கடையில பாட்டில் என்ன பாடுபடும்னு உங்களுக்கே தெரியும், எலுமிச்சம்பழம் புழிஞ்ச கையோட எடுப்பாங்க, ஐஸ் தண்ணி வழியும், ஒரே வாரத்துல ஸ்டிக்கர் ஓரம் சுருண்டு கிழிஞ்சு நன்னாரியில "நன்" மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்கும். சரி, சூட்டுல சுருங்கிப் பாட்டிலைப் பிடிச்சுக்கற ஸ்லீவ் லேபிளுக்கு மாறுவோம்னு இறங்கினோம். பாட்டில் முழுக்கச் சுத்தி வரும், தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது, பாக்கவும் பெரிய கம்பெனி சரக்கு மாதிரி இருக்கும். எல்லாம் உண்மைதான். ஆனா முதல் லாட்டுல பாதிக்கு மேல குப்பைக்குப் போச்சு, காரணம் பிரிண்டரும் இல்ல ஃபிலிமும் இல்ல, நாங்க எதை முதல்ல முடிவு பண்ணணுமோ அதைக் கடைசியில பண்ணினோம். எந்த வரிசையில போகணும்னு அப்ப யாரும் சொல்லல, அதான் இப்ப எழுதறேன்.

1. கேக்கற பொருளோட பேரைச் சரியா கேளுங்க

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா முதல் பத்து ஃபோன் காலும் இதுலதான் வீணாப்போச்சு. "ஷ்ரிங்க் ஃபிலிம் வேணும்"னு கேட்டா 12 பாட்டிலைச் சேத்துக் கட்டற எல்டிபிஇ (ஒரு வகை பாலித்தீன்) பண்டில் ஃபிலிமுக்கு ரேட் சொல்லுவாங்க, இல்லன்னா அட்டைப்பெட்டி மேல சுத்தற பிஓஎஃப் ஃபிலிமுக்குச் சொல்லுவாங்க. "ஸ்ட்ரெச் ஃபிலிம்"னு கேட்டீங்கன்னா லாரியில ஏத்தற பேலட்டைச் சுத்துவாங்களே அந்த உருளை வந்து நிக்கும். நமக்கு வேண்டியது "பிரிண்டட் ஷ்ரிங்க் ஸ்லீவ்", அதாவது பைப் மாதிரி ஒட்டி வர்ற லேபிள், பாட்டில் மேல மாட்டி சூடு காட்டினா சுருங்கி ஒட்டிக்கும்.

ஸ்ட்ரெச் ஸ்லீவ்னு ஒண்ணும் இருக்கு, அதுக்குச் சூடே வேணாம், பசையும் வேணாம். எல்டிபிஇ ஃபிலிம் ரப்பர் மாதிரி இழுத்து மாட்டினதும் தானா இறுகிப் பிடிச்சுக்கும். பெரிய பால் கேன், டிடர்ஜென்ட் கேன் மாதிரி நேரான உடம்பு உள்ளதுக்கு நல்லா இருக்கும். ஆனா இழுத்து மாட்டறதுக்கு அதுக்குன்னே மெஷின் வேணும், கையால பண்ற வேலை இல்ல, கழுத்து வளைவுக்கும் ஏறாது. மாசம் சில ஆயிரம் பாட்டில் போடற யூனிட்டுக்கு அது ஒத்து வராதுங்கறது என் கருத்து, அதனால கீழ உள்ளது எல்லாமே ஷ்ரிங்க் ஸ்லீவுக்குத்தான்.

2. பாட்டிலை முடிவு பண்ணுங்க, அப்புறம் மாத்தாதீங்க

ஸ்லீவ்ங்கறது சட்டை தைக்கற மாதிரி. ஆளை நிக்க வச்சு அளவு எடுத்துட்டு அப்புறம் ஆளை மாத்தினா என்ன ஆகும்? பெட் (PET பிளாஸ்டிக்) பாட்டில் சப்ளை பண்றவர் அச்சை (மோல்டை) மாத்தினா "அதே 700 எம்எல்தான் சார்"னு சொல்லித்தான் அனுப்புவார், ஆனா விட்டம் 3 மில்லிமீட்டர் கூடியிருக்கும், ஸ்லீவ் ஏறாது. அதனால பாட்டிலோட டிராயிங் வாங்கி வச்சுக்கங்க, அந்த அச்சு நம்பரைப் பர்ச்சேஸ் ஆர்டர்ல எழுதுங்க, "அச்சு மாத்தினா முன்கூட்டியே சாம்பிள் அனுப்பணும்"னு ஒரு வரி சேருங்க. கூடவே பத்து பாட்டிலை மூடியோட தனியா எடுத்து ஒரு பெட்டியில போட்டு வைங்க, பின்னாடி சண்டை வந்தா அதுதான் சாட்சி.

புதுசா பாட்டில் தேர்ந்தெடுக்கறீங்கன்னா, உடம்புக்கும் கழுத்துக்கும் ரொம்ப வித்தியாசம் இல்லாததா பாருங்க. சதுரப் பாட்டில், இடுப்பு ஒடுங்கின பாட்டில் எல்லாம் கடையில கண்ணைப் பறிக்கும், ஆனா முதல் தடவையே அதுல கை வைக்காதீங்க, மூலையில சுருக்கம் விழுந்து உசுரை வாங்கும்.

3. அளவு எடுக்கிறது

இதை பிரிண்டர் பாத்துக்குவார்னு விட்டுடாதீங்க. அவர் பாப்பார், இருந்தாலும் உங்களுக்கும் கணக்கு தெரியணும்.

நிரப்பி மூடி போட்ட பாட்டிலைத்தான் அளக்கணும், காலிப் பாட்டில் வேணாம். சரக்கு உள்ள போனதும் பெட் பாட்டில் கொஞ்சம் உப்பும். பத்து பாட்டில் எடுத்து, ஒவ்வொண்ணுலயும் எது ரொம்ப அகலமான இடமோ அங்க வெர்னியர் வச்சு அளந்து, பத்துல பெருசு எதுவோ அதை எடுத்துக்கங்க. சராசரி எடுத்தா பெரிய பாட்டில்ல ஸ்லீவ் மாட்டாது.

எங்க பாட்டில் 78 மில்லிமீட்டர் விட்டம். அதை 3.14 ஆல பெருக்கினா சுத்தளவு 245. ஸ்லீவைத் தட்டையா படுக்க வச்சா இருக்கற அகலத்துக்குப் பேரு லே ஃப்ளாட், அது சுத்தளவுல பாதி, அதாவது 122.5. மாட்டறதுக்கு இடைவெளி வேணும்ல, ஒரு 2.5 சேத்து 125 வச்சோம். கையால மாட்டறவங்க 2லேர்ந்து 3 மில்லிமீட்டர் வரைக்கும் சேக்கலாம். அதுக்கு மேல தளர்வா விட்டா சுருங்கும்போது கோணிக்கும். பிரிண்டர் ஃபிலிமை வெட்டற அகலம், லே ஃப்ளாட்டை ரெண்டால பெருக்கி ஒட்டுக்கு 6 மில்லிமீட்டர் சேத்தது, எங்களுக்கு 256.

உயரம்: லேபிள் எங்க ஆரம்பிச்சு எங்க முடியணும்னு பாட்டில்லயே மார்க்கர்ல கோடு போட்டு அளங்க. ஃபிலிம் முக்கியமா குறுக்கதான் சுருங்கும், ஆனா நீளவாட்டிலயும் கொஞ்சம் சுருங்கும். எங்களுக்கு அடியிலேர்ந்து தோள் வரைக்கும் 170 வேணும், வெட்டினது 175.

அடுத்ததுதான் பலபேர் போடாத கணக்கு, எவ்வளவு சதம் சுருங்கணும்? ஸ்லீவோட சுத்தளவு 250 (லே ஃப்ளாட்டை ரெண்டால பெருக்கினது). தோள்ல லேபிள் முடியற இடத்துல பாட்டில் விட்டம் 50, சுத்தளவு 157. அப்போ 250லேர்ந்து 157க்கு வரணும், அது 37 சதம். இதே லேபிள் மூடியையும் மூடணும்னா? மூடி விட்டம் 30, சுத்தளவு 94, இப்போ 62 சதத்துக்கு மேல போயிடுச்சு. இந்த ஒரு நம்பர்தான் எந்த ஃபிலிம் வாங்கணும்னு சொல்லும்.

4. பிவிசியா, பெட்ஜியா

பிவிசி, பெட்ஜி (PETG) ரெண்டும் ஸ்லீவ் ஃபிலிம் பண்ற பிளாஸ்டிக். பிவிசி 50, கொஞ்சம் தள்ளினா 60 சதம் வரைக்கும் சுருங்கும், விலை கம்மி, குறைஞ்ச சூட்டுலயே வேலை முடியும். பெட்ஜி 70, 75 சதம் வரைக்கும் போகும், விலை கூட. அதனால தோளோட நிறுத்தறவங்க பிவிசி போதும்னு முடிவு பண்ணிடறாங்க, மூடி வரைக்கும் போர்த்தறவங்க பெட்ஜிக்குப் போறாங்க. நானும் முதல்ல பிவிசிதான் போட்டேன்.

இப்ப இருந்தா யோசிப்பேன். பெட் பாட்டிலை மறுசுழற்சிக்கு எடுக்கறவங்களுக்கு பிவிசி எதிரி, பெட், பிவிசி ரெண்டுமே தண்ணியில முங்கற பிளாஸ்டிக், மூடி மாதிரி மிதந்து தனியா வராது, ஸ்லீவோட அரைச்சா கொஞ்சூண்டு பிவிசி கலந்தாலே சூட்டுல ஆசிட் விட்டு மொத்த லாட்டையும் பழுப்பாக்கிடும். பெட்ஜியும் முங்கத்தான் செய்யும், முழுசா நல்ல பிள்ளைன்னு சொல்ல முடியாது. எது போட்டாலும் நீளவாட்டுல ஒரு பெர்ஃபரேஷன் கோடு (கிழிக்கறதுக்கு வசதியா வரிசையா ஓட்டை போட்ட கோடு) கேளுங்க, கிழிச்சு எடுத்துட்டுப் பாட்டிலைப் போடச் சொல்லி ஒரு வரி அச்சடிங்க. பெர்ஃபரேஷன் ஓட்டை ரொம்பப் பெருசா இருந்தா சூடு காட்டும்போதே பிளந்துக்கும், அதனால சாம்பிள்ல பாத்துட்டு ஓகே சொல்லுங்க.

மைக்ரான் (ஃபிலிமோட தடிமன்) 40, 45, 50னு கிடைக்கும். கையால மாட்டறதுக்கு 45 எனக்குச் சரியா இருந்துச்சு. 40 கொழகொழன்னு மடங்கும், வாய் திறக்கவே நேரமாகும்.

5. பேப்பர் வேலை

இங்கதான் என் காசு போச்சு, அதனால கொஞ்சம் விரிவா.

எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பர். சின்ன யூனிட்னு நாங்க ரிஜிஸ்ட்ரேஷன் மட்டும் வச்சிருந்தோம். அந்த 14 இலக்க நம்பரை ஸ்லீவ்ல அடிச்சோம், இருபதாயிரத்துக்கு மேல. நாலே மாசத்துல விற்பனை கூடி லைசென்ஸுக்கு மாறவேண்டியதாச்சு, மாறினா நம்பரே புதுசு. ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் 2ல ஆரம்பிக்கும், லைசென்ஸ் 1ல ஆரம்பிக்கும், ஒரு இலக்கத்தைத் திருத்தி ஒட்டற கதையெல்லாம் கிடையாது. மீதி ஸ்லீவ் அட்டைப்பெட்டிக்குள்ளயே கிடந்துச்சு. அதனால வரப்போற ரெண்டு வருஷ விற்பனையை நேர்மையா கணக்குப் போட்டு, லைசென்ஸ் தேவைப்படும்னு தோணினா எஃப்எஸ்எஸ்ஏஐயோட ஃபாஸ்காஸ் போர்ட்டல்ல அதை முதல்ல எடுத்துட்டு அப்புறம் டிசைனுக்குப் போங்க.

எடையளவு பதிவு. பொட்டலம் போட்டு விக்கற யாரா இருந்தாலும் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருட்கள் விதிகள் 2011 படி பேக்கர் பதிவு எடுக்கணும், பேக்கிங் ஆரம்பிச்ச 90 நாளுக்குள்ள, கட்டணம் 500 ரூபாய். நம்ம ஊர்ல இது தொழிலாளர் துறைக்குக் கீழ வருது, எஃப்எஸ்எஸ்ஏஐ எடுத்துட்டோமே போதும்னு பலபேர் இதை விட்டுடறாங்க. கடைக்குச் சோதனைக்கு வந்து எம்ஆர்பி, எடை பாக்கறது இந்த ஆளுங்கதான்.

டிரேட்மார்க். பேரை அச்சடிக்கறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல தேடிப் பாருங்க, சர்பத் 32வது வகுப்பு. தனி நபரோ சின்ன நிறுவனமோ ஆன்லைன்ல போட்டா ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மத்தவங்களுக்கு 9,000. விண்ணப்பிச்சதும் பேருக்குப் பக்கத்துல டிஎம் போட்டுக்கலாம். வட்டத்துக்குள்ள ஆர் போடறது பதிவாகிச் சான்றிதழ் வந்தப்புறம்தான், அதுக்கு முன்னாடி போடறது குற்றம். நல்ல பிரிண்டரா இருந்தா டிரேட்மார்க் பேப்பரோ "இந்த பிராண்டு என்னுதுதான்"னு லெட்டரோ கேப்பார், கோவிச்சுக்காதீங்க, போலி லேபிள் அடிச்சு மாட்டிக்கக்கூடாதுன்னு கேக்கறார். ஜிஎஸ்டி சான்றிதழ், எஃப்எஸ்எஸ்ஏஐ காப்பி இதோட சேத்து ஒரு ஃபைலா வச்சுக்கங்க.

இங்க் சான்று. உணவுப் பொருள் பாக்கெட்டுல அடிக்கற இங்க் ஐஎஸ் 15495 தரத்துல இருக்கணும்னு பேக்கேஜிங் விதி சொல்லுது. பிரிண்டர்கிட்ட லெட்டர்ஹெட்ல ஒரு சான்று வாங்கிக்கங்க, காசு ஒண்ணும் ஆகாது, பெரிய கடைக்காரங்க கேக்கும்போது கையில இருக்கும்.

லேபிள்ல என்ன வரணும்: பொருளோட பேரு, சேர்மானம் எடை அதிகமானதுலேர்ந்து குறைவானது வரிசையில, ப்ரிசர்வேடிவ் போட்டா அதோட ஐஎன்எஸ் நம்பர் (உணவுல சேக்கற பொருளுக்கான சர்வதேச எண்), ஊட்டச்சத்து டேபிள், பச்சைப் புள்ளி, தயாரிக்கறவர் முகவரி, நிகர அளவு, பேட்ச், தயாரிச்ச தேதி, காலாவதி தேதி, எம்ஆர்பி, யூனிட் விலை, புகார் சொல்ல ஃபோன், மெயில். இதுல மூணு இடத்துல விழுந்தோம்.

ஒண்ணு, பழைய லேபிளைப் பாத்து "பெஸ்ட் பிஃபோர் 9 மாதம்"னு மட்டும் போட்டுட்டோம். 2020 லேபிளிங் விதிக்கப்புறம் எக்ஸ்பைரி அல்லது யூஸ் பை தேதி கட்டாயம், பெஸ்ட் பிஃபோர் வேணும்னா கூடுதலா போட்டுக்கலாம், அவ்வளவுதான். ரெண்டு, தமிழ்ப்பற்றுல எல்லாத்தையும் தமிழ்ல மட்டும் எழுதினோம். விவரம் இங்கிலீஷ்லயோ இந்தியிலயோ இருக்கணும், தமிழ் கூடவே வரலாம். இடம் ரெண்டு மடங்கு தேவைப்படும்னு டிசைனருக்கு முன்னாடியே சொல்லிடுங்க. மூணு, யூனிட் விலை. 700 எம்எல் 140 ரூபாய்னா "1 எம்எல் 0.20 ரூபாய்"னு போடணும். ஒரு லிட்டருக்கு மேல இருந்தா லிட்டர் கணக்கு.

அப்புறம் "உடல் சூட்டைத் தணிக்கும், சிறுநீரகக் கோளாறு தீர்க்கும்"னு எங்க சித்தப்பா எழுதித் தந்தார். சூடு, சளி, சிறுநீரகம், நோய் தீர்க்கும், இந்த மாதிரி எதையும் சர்பத் பாட்டில்ல போடாதீங்க. பென்சோயேட் மாதிரி ப்ரிசர்வேடிவ் போட்டுட்டு "முழுக்க இயற்கை"ன்னும் போடாதீங்க.

6. டிசைன்

சாதாரண ஸ்டிக்கர் டிசைனரும் ஸ்லீவ் டிசைனரும் ஒண்ணு இல்ல. பைப் சுருங்கும்போது படமும் சேந்து சுருங்கும், தோள்கிட்ட வச்ச வட்டம் நெட்டுக்குத்தலா முட்டை ஆகிடும். பிரிண்டர்கிட்ட அச்சடிக்காத வெறும் ஸ்லீவ் பத்து வாங்கி, மார்க்கர்ல ஒரு சென்டிமீட்டர் கட்டம் போட்டு, பாட்டில்ல மாட்டிச் சுருக்கிப் பாருங்க. எந்தக் கட்டம் எவ்வளவு இளைக்குதோ அங்க படத்தை அவ்வளவு அகலமாக்கி வரையணும். லோகோ, முகவரி, சட்டம் கேக்கற எழுத்து எல்லாம் நேரான உடம்புலயே இருக்கட்டும். அளவு, விலை எழுத்தோட அகலம் உயரத்துல மூணுல ஒரு பங்குக்குக் குறையக்கூடாதுன்னு எடையளவு விதி இருக்கு, கம்ப்யூட்டர்ல சரியா இருந்த எழுத்து தோள்ல போய் ஒல்லிப்பிச்சானா நிக்கும், அளக்கறவர் பாட்டிலைத்தான் அளப்பார், உங்க பிடிஎஃப்பை இல்ல.

தமிழ் எழுத்து. இதுக்குத் தனியா ஒரு பாரா எழுதியே ஆகணும். டிசைனர் கம்ப்யூட்டர்ல சரியா இருக்கும், பிரிண்டர் திறந்தா "பொருட்கள்"ல கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் ஓடிப்போயிருக்கும். ஃபாண்ட் இல்லாதது, பழைய ஃபாண்டும் யூனிகோடும் கலந்தது, இப்படி ஏதோ ஒண்ணு காரணமா இருக்கும். ஃபைலை அனுப்பறதுக்கு முன்னாடி எல்லா எழுத்தையும் கர்வ்ஸ் (ஃபாண்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவம்) ஆக்கச் சொல்லுங்க, ஆக்கினப்புறம் எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படிங்க. வட இந்தியாவுல பிரிண்ட் போடறவங்க இதை ரெண்டு தடவை பண்ணுங்க, அங்க தமிழ் தப்பைக் கண்டுபிடிக்க ஆள் இருக்க மாட்டாங்க.

பார்கோடு. ஸ்லீவ்ல பார்கோடை ஏணி மாதிரி படுக்க வைக்கணும், கோடுகள் பாட்டிலைச் சுத்திப் போற மாதிரி. நிக்க வச்சா குறுக்க சுருங்கும்போது கோட்டுக்கு நடுவுல உள்ள இடைவெளி மாறி ஸ்கேனர் படிக்காது. ஏணி மாதிரி வச்சா கோட்டோட நீளம்தான் குறையும், அதனால ஒண்ணும் கெட்டுப்போகாது. சூப்பர் மார்க்கெட் பில் கவுண்டர்ல நின்னு "சார் இது ஏறல"ன்னு கேட்டப்பதான் எனக்கு இது தெரியும்.

ஒட்டு வர்ற இடம். பைப்பா ஒட்டறது சால்வென்ட் வச்சு. அந்த 6 மில்லிமீட்டர்ல இங்க் இருந்தா சரியா ஒட்டாது, சூட்டுல வாய் பிளக்கும். அங்க அச்சு வேணாம், ஒட்டு பாட்டிலோட பின்பக்கம் வரட்டும், எந்த எழுத்தும் ஒட்டைத் தாண்டிப் போகக்கூடாது.

வெள்ளை. ஃபிலிமோட உள்பக்கம்தான் அச்சடிப்பாங்க, மேல உரசினாலும் போகாது. எல்லா கலருக்கும் பின்னாடி ஒரு வெள்ளை லேயர் இல்லன்னா எங்க நன்னாரி மாதிரி கருஞ்சிவப்புச் சரக்குக்கு மேல மஞ்சள், பச்சை எல்லாம் அழுக்கா தெரியும். சரக்கோட கலர் வெளிய தெரியணும்னா ஒரு இடத்துல ஜன்னல் மாதிரி விடுங்க.

தேதிக் கட்டம். பேட்ச், தேதி, எம்ஆர்பி, யூனிட் விலை நாலுக்கும் நேரான உடம்புல அச்சில்லாத வெள்ளைக் கட்டம் விடுங்க. எம்ஆர்பியைச் சிலிண்டர்ல (டிசைனைச் செதுக்கி வைக்கற அச்சு உருளை) வெட்டிடாதீங்க, சர்க்கரை விலை ஏறினா மொத்த ஸ்லீவும் போச்சு. தேதியை ரப்பர் ஸ்டாம்ப்ல குத்தினா விரல் பட்டாலே அழியும், கையில பிடிக்கற சின்ன இங்க்ஜெட் கோடர் வாங்கி அதுல சீக்கிரம் காயற சால்வென்ட் இங்க் கார்ட்ரிட்ஜ் போடுங்க, தண்ணி இங்க் ஃபிலிம்ல நிக்காது. சுருக்கினப்புறம் அடிங்க, முன்னாடி இல்ல.

7. காசுக் கணக்கு

ரோட்டோ பிரிண்டிங்ல ஒரு கலருக்கு ஒரு சிலிண்டர். எங்களுக்கு அஞ்சு கலரும் ஒரு வெள்ளையும், ஆறு சிலிண்டர். நான் கட்டினது சிலிண்டருக்கு 4,500, மொத்தம் 27,000. அளவு மாறினா விலை மாறும். ஃபிலிம் கிலோ கணக்குல விப்பாங்க, கொட்டேஷன் வந்ததும் அதைப் பீஸ் கணக்கா மாத்திப் பாருங்க, இல்லன்னா யார் மலிவுன்னே தெரியாது.

மாத்தறது இப்படி: 256 மில்லிமீட்டர் அகலம், 175 உயரம்னா ஒரு ஸ்லீவோட பரப்பு 0.0448 சதுர மீட்டர். 45 மைக்ரான் பிவிசி ஒரு சதுர மீட்டர் கிட்டத்தட்ட 60 கிராம், இங்க் சேத்து 62னு வச்சுக்கலாம். ஒரு ஸ்லீவ் 2.8 கிராம், கிலோவுக்குச் சுமாரா 360 வரும். மூடி வரைக்கும் 270 உயரத்துல பெட்ஜி போட்டா கிலோவுக்கு 240தான் வரும், அதாவது கிலோ விலையும் கூட, எண்ணிக்கையும் கம்மி, ரெண்டு பக்கமும் அடி.

எனக்குச் சொன்ன குறைஞ்ச அளவு 60 கிலோ, கிலோ 320. ஃபிலிம் 19,200, சிலிண்டர் 27,000, மேல 18 சதம் ஜிஎஸ்டி 8,316, ஆக 54,516. கிடைச்சது 21,600 ஸ்லீவ், ஒண்ணுக்கு 2 ரூபாய் 52 காசு. அடுத்த தடவை சிலிண்டர் செலவு இல்ல, 1 ரூபாய் 5 காசுதான். இது என் பில், பிளாஸ்டிக் விலை ஏறி இறங்கறதைப் பொறுத்து உங்களுக்கு மாறும், கணக்குப் போடற முறை மட்டும் மாறாது.

கேக்க வேண்டிய கேள்வி நாலு இருக்கு. சிலிண்டர் யாருது? காசு நம்மது, ஆனா இருக்கறது அவர் பிரஸ்ல, "சிலிண்டர் வாடிக்கையாளருக்குச் சொந்தம், கேட்டா தரணும்"னு எழுதி வாங்குங்க. கூடுதல் குறைவு எவ்வளவு? 10 சதம் வரைக்கும் கூட அடிச்சு அதுக்கும் பில் போடற வழக்கம் இருக்கு. ரோலா, கட் பீஸா? கையால மாட்டறவங்களுக்குக் கட் பீஸ்தான், அதுக்குத் தனிக் கூலி இருக்கான்னு கேளுங்க. லாரி வாடகை யார் தலையில?

முகவரி, லைசென்ஸ் நம்பர், சேர்மானம் மாதிரி பின்னாடி மாறக்கூடிய எழுத்தையெல்லாம் ஒரே கலர்ல, கருப்புல வச்சிடுங்க. மாத்தம் வந்தா ஒரு சிலிண்டர் வெட்டினா போதும். நாங்க லைசென்ஸ் நம்பரை ரெண்டு கலர் கலந்த பழுப்புல அழகா வச்சிருந்தோம், அழகுக்கு 9,000 ரூபாய் தனியா ஆச்சு.

மாசம் ஆயிரம் பாட்டில்கூடப் போகாதுன்னா சிலிண்டர் பக்கமே போகாதீங்க. டிஜிட்டல்ல அடிச்சுத் தர்றவங்க இருக்காங்க, ஒரு ஸ்லீவ் விலை பல மடங்கு இருக்கும், ஆனா ஐநூறு, ஆயிரம் அடிச்சு விதிப்படி எல்லாம் சரியா இருக்கா, கடையில எடுபடுதான்னு பாத்துக்கலாம்.

8. எத்தனை நாள் ஆகும்

எங்களுக்கு டிசைனும் திருத்தமும் ரெண்டு வாரம், சிலிண்டர் பத்து நாள், அச்சு, ஒட்டு, வெட்டு பன்னெண்டு நாள், லாரி மூணு நாள். ஆறு வாரம்னு வச்சுக்கங்க. வெயில் கால சரக்கு போடறவங்க கார்த்திகையிலயே ஆர்டர் கொடுத்தாதான் பொங்கலுக்குள்ள கைக்கு வரும், மாசியில வியாபாரம் சூடு பிடிக்கும்போது ப்ரூஃப் (அச்சுக்கு முன்னாடி சரிபாக்கற மாதிரி) பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா யாரு விப்பா?

ப்ரூஃபை வாட்ஸப் படத்துல பாத்து ஓகே சொல்லாதீங்க. நிஜ அளவுல பிரிண்ட் எடுத்து, பாட்டிலைச் சுத்தி ஒட்டி, வீட்டுல ரெண்டு பேரைப் படிக்கச் சொல்லுங்க. முதல் அச்சு ஓடும்போது போக முடிஞ்சா நேர்ல போங்க, நிரப்பின பாட்டில் அஞ்சு எடுத்துட்டுப் போங்க, அங்கயே மாட்டிச் சுருக்கிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.

9. சரக்கு வந்ததும்

ஒவ்வொரு பெட்டியிலயும் அஞ்சு ஸ்லீவ் எடுத்து லே ஃப்ளாட் அளங்க. அரை மில்லிமீட்டர் முன்ன பின்ன பரவாயில்ல, 125 கேட்டு 123 வந்தா திருப்பி அனுப்புங்க. ஒட்டை ரெண்டு கையால இழுத்துப் பாருங்க, பிரிஞ்சு வரக்கூடாது.

எங்க வைக்கிறீங்கன்னு பாருங்க. எங்க ஷெட்டு தகரக் கூரை. அக்னி நட்சத்திரத்துல மேல் அலமாரியில வச்சிருந்த ரெண்டு பெட்டி ஸ்லீவ் தானாவே சுருங்கி, பாட்டில்ல கழுத்தைத் தாண்டி ஏற மாட்டேன்னு அடம் பிடிச்சுது. சுருங்கறதுக்குன்னே பண்ணின ஃபிலிம், சூடு எங்கேர்ந்து வந்தா அதுக்கென்ன? வீட்டுக்குள்ள குளிர்ச்சியான அறையில, தரையோட தரையா, பெட்டியை மூடி வைங்க. ஆறு மாசத்துக்கு மேல தேவைப்படற அளவு வாங்கிக் குவிக்காதீங்க.

10. சுருக்கறது

நாள் ஒண்ணுக்கு நூறு இருநூறு பாட்டில்னா ஹீட் கன் போதும், ஆயிரம் ரெண்டாயிரம் ரூபாய்க்குள்ள கிடைக்கும். நிமிஷத்துக்கு ரெண்டு மூணு பாட்டில். ஒரே இடத்துல காட்டினா ஃபிலிம் பொசுங்கும், பாட்டிலைச் சுத்திக்கிட்டே கீழேர்ந்து மேல போகணும், சுத்தற தட்டு ஒண்ணு பண்ணிக்கிட்டா கை வலிக்காது. பழகறதுக்கு ஐம்பது ஸ்லீவ் வீணாகும், மனசைத் தேத்திக்கங்க.

வெந்நீர்ல முக்கறதுதான் எங்க வழி இப்போ. பெரிய பாத்திரத்துல 80 டிகிரி சுமாரா வச்சு, ஸ்லீவ் மாட்டின பாட்டிலை நீளமான இடுக்கியால பிடிச்சு ரெண்டு மூணு செகண்ட் முக்கி எடுத்தா பிவிசி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இறுகும், ஹீட் கன்னை விட அழகா வரும். பாட்டில் நிரப்பி மூடி இறுக்கியிருக்கணும். காலி பெட் பாட்டிலை அந்தச் சூட்டுல முக்கினா அதுவே கோணிக்கும். முக்கினப்புறம் துடைச்சுக் காயவச்சுத்தான் தேதி அடிக்கணும்.

டனல் (பாட்டில் உள்ள போய்ச் சூடு பட்டு ஸ்லீவ் சுருங்கி வெளிய வர்ற மெஷின்) வாங்கறதா இருந்தா கரண்டைப் பாருங்க. சின்ன ஹாட் ஏர் டனலே சில கிலோவாட் இழுக்கும், சிங்கிள் ஃபேஸ் தாங்காம போகலாம், ஈபியில லோடு ஏத்த வேண்டி வரலாம், அதுக்கு எழுதிக்கொடுத்துட்டு அப்புறம் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுங்க. தோள் வளைவு அதிகமா இருந்தா ஸ்டீம் டனல்தான் நல்லா வரும், ஆனா பாய்லர் வேணும், அது வேற செலவு.

லேபிளோட அடி ஓரம் சிரிச்ச வாய் மாதிரி வளைஞ்சா ஒரு பக்கம் சூடு கூடன்னு அர்த்தம். கொப்புளம் வந்தா பாட்டில் மேல ஈரமோ சர்பத்தோ இருக்கு, மாட்டறதுக்கு முன்னாடி ஈரத்துணியாலயும் அப்புறம் காஞ்ச துணியாலயும் துடைக்கணும், பாகு ஒட்டின பாட்டில்ல ஸ்லீவ் பாதியிலயே நின்னுடும். ஒட்டு பிளந்தா அது பிரிண்டர் தப்பு, படம் எடுத்து பேட்ச் நம்பரோட அன்னைக்கே அனுப்புங்க. வீணான துண்டுகளை அடுப்புல போட்டு எரிக்காதீங்க, பிவிசி புகை தொண்டையைப் பிடிக்கும், எங்க வீட்டு அம்மா ஒரு தடவை வெந்நீர் அடுப்புக்கு அதைப் போட்டுட்டு ராத்திரி பூரா இருமினாங்க.

சேதாரத்துக்கு நான் இப்ப நூத்துக்கு மூணு வைக்கிறேன், முதல் மாசம் நூத்துக்குப் பத்து போச்சு. ஆர்டர் போடும்போது அதையும் சேத்து எண்ணுங்க.